டைம்டேபிள் அளவு

ஒன்பதாவது கேள்வி இது: ‘என் இரண்டு பண்பாடுகளையும் நான் தனித்தனியாக வைத்துக்கொள்கிறேன்.’ எதிரே ஐந்து வட்டங்கள். ஒன்று என்றால் சற்றும் இல்லை. ஐந்து என்றால் முழுக்க ஆமாம்.

இப்படி இருபது கேள்விகள். வேற்று நாட்டில் குடியேறியவர்கள், விட்டு வந்த ஊரையும் வந்து சேர்ந்த ஊரையும் தங்களுக்குள் எப்படி வைத்திருக்கிறார்கள் என்று அளக்கும் ஆய்வு. பல்கலைக்கழகம் நடத்தியது. ஏழு மொழிகளில் படிவம் இருந்தது. தமிழில் எழுதியதும், அதை எடுத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கியதும் நான். நாற்பது பேரைக் கேட்க வேண்டும். மூன்று வாரம் கழித்து அதே நாற்பது பேரை மறுபடி கேட்க வேண்டும். ஒரே ஆள் இரண்டு தடவையும் ஏறக்குறைய ஒரே பதிலைச் சொன்னால் படிவம் ஒழுங்காக அளக்கிறது என்று பொருள்.

என் மனைவி இறந்த ஏழாவது மாதம் இந்த வேலை கிடைத்தது. நான் இந்த நாட்டுக்கு வந்ததே அவளோடு ஒட்டிக்கொண்டுதான். வேலை அவளுக்கு, விசா அவள் பெயரில். என்னை ‘அவரைச் சார்ந்தவர்’ என்று தாளில் எழுதியிருந்தார்கள். நகரப் பேருந்துப் பணிமனையில் எந்த வண்டி எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும் என்று அட்டவணை போடும் பிரிவில் இருந்தாள். நம்மவர்கள் அவளுக்கு வைத்த பெயர் டைம்டேபிள். எந்த இடத்துக்குப் போக வேண்டும் என்று சொன்னால் போதும், வண்டி எண்ணும் நேரமும் தாளைப் பார்க்காமல் சொல்வாள். பணிமனையில் அவள் பெயரின் முதல் எழுத்தை மட்டும் வைத்துக் கூப்பிட்டார்கள். இரண்டுக்கும் ஒரே மாதிரி திரும்பிப் பார்ப்பாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றுக்குத் தலை வலிக்கிறது என்று மேசையில் சாய்ந்தாள். பன்னிரண்டரைக்கு முடிந்துவிட்டது. மூளையில் இரத்தக்குழாய் வெடித்தது என்றார்கள். வயது இருபத்தொன்பது.

அவளுடைய துணிகளை நான்கு பெரிய பைகளில் கட்டித் தெருமுனையில் இருந்த பழந்துணிப் பெட்டியில் மூன்றாம் நாளே போட்டேன். ஏன் அவ்வளவு அவசரம் என்று தெரியவில்லை. அதற்குப் பிறகு அலமாரியைத் திறந்தால் ஹேங்கர்கள் மட்டும் இருந்தன. அது வசதியாக இருந்தது.

இப்போது விசா என் பெயரில், இந்த வேலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. தமிழ்ப் படிவம் தேறினால் பெரிய ஆய்வில் சேர்ப்பார்கள், எனக்கு இரண்டு வருடம் வேலை இருக்கும். தேறாவிட்டால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். ஊரில் அக்கா எல்லா ஏற்பாடும் செய்து வைத்திருந்தாள்.

“உங்க மாமா ஆபீஸ்ல ஒரு இடம் காலியா இருக்குடா. அடுத்த மாசம் முப்பதாம் தேதிக்குள்ள சொல்லணுமாம்.”

“சொல்றேங்க்கா.”

“கிணத்துல போட்ட கல்லு மாதிரி இருக்கே நீ. அங்க உனக்கு என்னடா இருக்கு இப்ப?”

ஞாயிறுதோறும் இதைக் கேட்பாள். திட்டுவதற்காகக் கேட்கவில்லை. பதில் தெரியாமல்தான் கேட்டாள். எனக்கும் தெரியவில்லை.

முதல் சுற்று நன்றாகப் போவதாகத்தான் நினைத்தேன். நம்மவர்கள் கதவைத் திறந்தால் உள்ளே கூப்பிடாமல் விடமாட்டார்கள். செருப்பைக் கழற்றுவதற்குள் டம்ளர் வந்துவிடும். ஆனால் எண் சொல்லச் சொன்னால் முழித்தார்கள்.

மருந்துக்கடைக்காரர் எல்லாவற்றுக்கும் ஐந்து சொன்னார். ‘இரண்டுக்கும் நடுவே சிக்கித் தவிக்கிறேன்’, ஐந்து. ‘இரண்டும் எனக்குள் சுலபமாகச் சேர்ந்து போகின்றன’, அதற்கும் ஐந்து.

“ரெண்டுமே எப்படி சார் அஞ்சாகும்?”

“இருக்கட்டும் தம்பி. நீங்களே எவ்வளவு பட்டுட்டு வந்து நிக்கிறீங்க. நான் பாட்டுக்குக் கொறச்சுப் போட்டு, உங்க மார்க்குல கை வச்ச பாவம் எனக்கு எதுக்கு?”

லாரி ஓட்டுபவர் எல்லாவற்றுக்கும் மூன்று.

“கேள்வியப் படிக்கவே இல்லையேண்ணே.”

“படிச்சாத்தான் வம்பு. மூணு போட்டுக்க. மூணுன்னா யாரும் கூப்பிட்டு விசாரிக்க மாட்டான்.”

முதியோர் விடுதியில் வேலை பார்க்கும் அம்மா எண்ணே சொல்லவில்லை. “மாடி வீட்டுக்காரங்க அளவுக்கு நாங்க மாறிடலப்பா. அதுக்காக எங்க நாத்தனார் மாதிரி அப்படியே கட்டுப்பெட்டியாவும் இல்ல. நடுவுலன்னு வச்சுக்கோ. கொஞ்சம் நாத்தனார் பக்கம்.” நான் இரண்டு என்று போட்டுக்கொண்டேன்.

பதினேழாவது ஆள் தையல்காரர்.

ரயில் நிலையத்துக்கு அடியில் ஒரு நடைபாதை, தெருவின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகும். இரு பக்கமும் வரிசையாகச் சின்னக் கடைகள். சாவி வெட்டும் கடைக்கும் கைபேசிக் கடைக்கும் நடுவே அவருடையது. அகலம் ஆறு அடி இருந்தால் அதிகம். ஒரு தையல் மெஷின், ஒரு இஸ்திரி மேசை, துணியைத் தொங்கவிட ஒரு நீளக் கம்பி, ஆள் ஏறி நிற்க ஒரு மரப்படி. அந்தப் பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். அக்கா என்று ஆரம்பித்தேன்.

“அக்கான்னு சொல்லி வயசக் கூட்டாதீங்க. நேரா கேள்விக்கு வாங்க, கேள்வி சார்.”

அவர் தைத்துக்கொண்டே பதில் சொன்னார். நடுவே ஆட்கள் வந்தார்கள். இந்த நாட்டுக்காரர்கள். பேன்ட்டின் நீளம் குறைக்க, கோட்டின் தோளை உள்வாங்க, ஜிப் மாற்ற. மரப்படியில் ஏறிக் கையை விரித்து நிற்பார்கள். அவர் முழங்காலிட்டு, குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொண்டு, டேப்பை வைத்து அளந்து எண்ணைச் சீட்டில் எழுதுவார். ஒரு ஆளுக்கு இரண்டு நிமிடம். வாயில் ஊசி இருந்தும் அவர்கள் மொழியில் ஏதோ சொல்லிச் சிரிக்க வைத்துவிடுவார்.

நம் பெண்கள் வந்தால் மரப்படியில் யாரும் ஏறுவதில்லை. ஒரு கவரை நீட்டி, “அளவு உள்ள இருக்கு” என்பார்கள். நன்றாகப் பொருந்திய பழைய ஜாக்கெட் ஒன்று அதற்குள் இருக்கும். அதைப் புதுத்துணிமேல் விரித்து, சுற்றிலும் சாக்குக்கட்டியால் கோடு இழுத்து வெட்டுவார். டேப்பைத் தொடமாட்டார். கழுத்து ஒரு விரல் இறக்கம், கை இரண்டு விரல் நீளம், அவ்வளவுதான் பேச்சு. எட்டுப் பத்து மாதிரி ஜாக்கெட்டுகள் எப்போதும் மேசைக்குக் கீழே ஒரு பெட்டியில் இருக்கும், ஒவ்வொன்றிலும் ஒரு பெயர்ச்சீட்டு குத்தி.

அதை அன்று நான் கவனித்தேன். ஆனால் படிவத்தில் எழுத இடம் இல்லை.

ஒன்பதாவது கேள்வியைப் படித்தேன்.

“தனித்தனிதான். சுத்தமா தனித்தனி. அஞ்சு.”

எழுதப் போனேன்.

“இருங்க. ஒண்ணும் போடுங்க.”

“ரெண்டையும் போட முடியாதுங்க.”

“ஏன்? டேப்பு மேல தொங்குது, அளவு ஜாக்கெட்டு கீழ பொட்டில கெடக்குது. இதத் தொட்டா அதத் தொட மாட்டேன். அது அஞ்சு. வெட்டுற கத்திரிக்கோல் ஒண்ணுதான? அது ஒண்ணு.”

நான் மூன்று என்று போட்டேன்.

மூன்று வாரம் கழித்து இரண்டாம் சுற்றைத் தொடங்கினேன். மருந்துக்கடைக்காரர், “போன தடவ என்ன சொன்னேனோ அதையே போட்டுக்குங்க. மாத்திச் சொன்னா உங்க வேலைக்கு உலை வச்ச மாதிரி ஆயிடும்” என்றார். அப்படிப் போட முடியாது என்றேன். மிகவும் யோசித்து எல்லாவற்றுக்கும் நான்கு சொன்னார். முதியோர் விடுதி அம்மா இரண்டிலிருந்து நான்குக்குத் தாவினார். “நாத்தனார் இப்ப கார் ஓட்டக் கத்துக்கிட்டாப்பா. அவளே அவ்வளவு தூரம் போயிட்டா நான் மட்டும் ரெண்டுலயே நிக்க முடியுமா?”

முதல் பத்துப் பேரின் தாள்களை ஆய்வுத் தலைவி தன் மேசையில் பரப்பி வைத்துப் பார்த்தார். அவர் இந்த நாட்டுக்காரர். குரலை உயர்த்தாதவர். இரண்டு தடவையும் ஒரே பதில் சொன்னவர் ஒருவர்தான் இருக்கிறார், அவரும் எல்லாவற்றுக்கும் மூன்று சொன்ன லாரி ஓட்டுநர் என்றார். மற்ற ஆறு மொழிகளில் இவ்வளவு மோசமில்லை. காரணம் தெரியாமல் தமிழைப் பெரிய ஆய்வில் சேர்க்க முடியாது. அடுத்த மாதக் கடைசிவரை நேரம் தருகிறேன், ஏன் என்று கண்டுபிடி என்றார்.

நான் எழுந்தபோது இன்னொன்றும் சொன்னார். கேள்வி கேட்கப் போகிறவர்கள் முதலில் தங்கள் படிவத்தை நிரப்ப வேண்டும் என்பது விதி. மற்ற ஆறு பேரும் கொடுத்துவிட்டார்கள். என்னுடையது எங்கே?

தருகிறேன் என்றேன். அது என் பையில்தான் இருந்தது. இருபது வரிசை, நூறு வட்டங்கள், எல்லாம் வெள்ளை.

அந்தச் சனிக்கிழமை மதியம் தையல்காரரிடம் போனேன். இரண்டாம் சுற்று என்றதும் அவர் முதலில் கேட்டது, “ஒம்போதாவதுக்குப் போன தடவ என்ன போட்டீங்க?”

“மூணு.”

“நான் மூணு சொல்லலியே.”

“ஒண்ணு, அஞ்சுன்னீங்க. நடுவுல போட்டேன்.”

மெஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“இந்தா தொங்குது பாருங்க ரெண்டு பேன்ட்டு. ஒருத்தருக்கு இடுப்பு முப்பது, ஒருத்தருக்கு நாப்பது. நடுவுல முப்பத்தஞ்சுன்னு ரெண்டையும் தச்சு வச்சா, ஒண்ணு இடுப்புல நிக்காது, இன்னொண்ணு இடுப்புல ஏறாது. நல்லவேள, நீங்க தையலுக்கு வரல.”

சிரித்தேன் என்று நினைக்கிறேன். முகத்தில் ஏதோ பழக்கமில்லாமல் இழுத்தது.

அப்போது ஒரு பெண் துணியோடு வந்தார். ஊருக்குப் புதிது, ஏதோ கம்பெனியில் கணினி வேலை. கையில் மாதிரி எதுவும் இல்லை.

“அளவு கொண்டு வரலியா?”

“இருக்கறது எல்லாமே ஊர்ல தச்சதுங்க. பஸ்ல மேல கம்பியப் பிடிக்கக் கையத் தூக்கினா அக்குள் டர்ருனு போயிடுது. போன வாரம் ரெண்டு போச்சு. ஆபீஸ் வரைக்கும் கைய ஒட்டிக்கிட்டே போனேன், கோழி மாதிரி.”

தையல்காரர் அவரை மேலும் கீழும் ஒருமுறை பார்த்தார். பிறகு குனிந்து பெட்டியைத் துழாவினார்.

“டைம்டேபிள் அளவு வச்சுத் தச்சிடறேன். உடம்புல ஒரு விரல் கூட்டணும். தோள் அப்படியே இருக்கட்டும். வெள்ளிக்கிழமை வாங்க.”

“அது என்னங்க டைம்டேபிள்?”

“அது ஒரு அளவு. போட்டுப் பாருங்க, பஸ்ல தொங்கிட்டே போலாம்.”

அந்தப் பெண் போய்விட்டார். மேசைமேல் பாக்கு நிறத்தில் ஒரு ஜாக்கெட் இருந்தது. கழுத்தருகே குத்தியிருந்த சீட்டில் பென்சிலால் எழுதியிருந்தது, டைம்டேபிள்.

“இது யாருது?” என்றேன். தெரிந்துதான் கேட்டேன்.

“ஒரு பொண்ணு. பஸ் ஆபீஸ்ல வேலை. இப்ப இல்ல. புதுசு ஒண்ணு தைக்க அளவு குடுத்துட்டுப் போனாங்க. துணி அப்புறம் கொண்டு வரேன்னாங்க. வரல. போன் போட்டேன், எடுக்கல. பெறகு சேதி தெரிஞ்சுது.”

“என் வீட்டுக்காரி.”

அவர் ஐயோ என்றோ அடப்பாவமே என்றோ சொல்லவில்லை. மரப்படியைக் காலால் என் பக்கம் தள்ளினார். நான் அதில் உட்கார்ந்தேன். பக்கத்துக் கடையில் சாவி வெட்டும் சத்தம் கேட்டது. அது நின்றதும் ஜாக்கெட்டைக் கையில் எடுத்தார்.

“இது மூணாந்தடவ சரியா வந்தது, தெரியுமா உங்களுக்கு?”

தெரியாது. அவள் வாரத்தில் இரண்டு நாள் அலுவலகத்துக்குச் சேலை கட்டிப் போவாள் என்று தெரியும். நாற்பது நிமிடப் பயணம், உட்கார இடம் கிடைக்காது என்று தெரியும். இரண்டையும் சேர்த்து நான் யோசித்ததில்லை.

“வந்து நின்னு சொன்னாங்க. ஊர்ல தச்சது இந்த ஊர் பஸ்ஸுக்கு ஆகல, இந்த ஊர்ல விக்கிற மேல்சட்டை சேலைக்கு ஆகல, ரெண்டுக்கும் ஆகிற மாதிரி ஒண்ணு தச்சுக் குடுங்கன்னு. முதல்ல கையத் தளர்த்தித் தச்சேன். போட்டுப் பாத்துட்டு, ‘கல்யாணப் பந்தல் மாதிரி இருக்கு, வாழமரம்தான் கட்டல’ன்னாங்க. ரெண்டாவது தடவ கை தூக்கினா முதுகு மேல ஏறுச்சு. எனக்குக் கோவம். முடியாதுங்க, உலகத்துல இல்லாத ஜாக்கெட்டக் கேக்கறீங்கன்னு துணியத் திருப்பிக் குடுத்துட்டேன்.”

“அவ என்ன சொன்னா?”

“ஒண்ணும் சொல்லல. மறுநாள் ஒரு அழுக்குச் சட்டையக் கொண்டுவந்து மேசைல போட்டாங்க. ஒரே கிரீஸ் நாத்தம். அவங்க பணிமனைல வண்டிக்கு அடில படுத்து வேலை பாக்கற மெக்கானிக்கோட சட்டை. கேட்டு வாங்கிட்டு வந்திருக்காங்க. அக்குளப் பிரிச்சுக் காட்டினாங்க. இங்க பாருங்க, சாய்சதுரமா ஒரு துண்டு வச்சிருக்கான், அதான் அவன் நாள் பூரா கையத் தூக்கி வேலை பாத்தும் கிழியல. இத இதுக்குள்ள வச்சிடுங்கன்னாங்க.”

ஜாக்கெட்டைத் திருப்பிக் காட்டினார். அக்குளில் உள்ளங்கையில் பாதி அளவுக்கு ஒரு சாய்சதுரத் துண்டு. வெளியே பார்த்தால் தெரியாது. தையல் அவ்வளவு நுணுக்கம்.

“வச்சுத் தச்சேன். போட்டுக்கிட்டாங்க. கடை வாசல்ல ஷட்டர் கம்பி இருக்கு பாருங்க, எட்டி அதப் பிடிச்சுத் தொங்கிட்டாங்க. நெசமாத்தான். சேலையோட. சாவிக்கடைக்காரர் கை தட்டினாரு. எறங்கி அவருக்கு ஒரு கும்பிடு வேற.”

எனக்கு அவளைத் தெரியும் என்று நினைத்திருந்தேன். நான்கு வருடம் ஒரே வீட்டில் இருந்தோம். கடை வாசலில் கம்பியைப் பிடித்துத் தொங்கிய பெண்ணை அன்றுதான் முதல் தடவை பார்த்தேன்.

“இப்ப வந்தாங்களே, அவங்களோட சேத்து பதினொரு பேருக்கு இந்த அளவுதான்” என்றார். “ஆளுக்கு ஆள் ஒரு விரல் கூட்டுவேன், ஒரு விரல் கொறைப்பேன். ஆனா எடுத்து விரிக்கிறது இதத்தான். டேப்பு வச்சு அளந்தா உடம்பு அளவு வரும். இது அது இல்ல. இந்த ஊர்ல எப்படி நடமாடறதுன்னு ஒரு அளவு. அது டேப்புல ஏறாது.”

பிறகு இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கினார். ஜாக்கெட்டைத் தேய்த்தார். சீட்டைக் கழற்றினார். நான்காக மடித்து ஒரு கவரில் போட்டு என் மடியில் வைத்தார்.

“உங்க பொருள். எடுத்துட்டுப் போங்க.”

“நீங்க எப்படித் தைப்பீங்க?”

“பாத்துக்கலாம். ஏதோ வரும்.”

அவளுடையது என்று உலகத்தில் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். கவரிலிருந்து வெளியே எடுத்துப் பார்த்தேன். ஓரமெல்லாம் சாக்குக்கட்டியின் வெள்ளை ஏறியிருந்தது, பத்துப் பேருக்குச் சுற்றி இழுத்த கோடு. கழுத்தில் சீட்டுக் குத்திக் குத்தி ஊசித் துளைகள். வீட்டுக்குக் கொண்டுபோனால் ஹேங்கரில் மாட்டி வைப்பேன். அலமாரியைத் திறந்தால் தொங்கும். எந்தப் பேருந்திலும் ஏறாது.

மேசையில் கிடந்த சீட்டை எடுத்து, பழைய துளையிலேயே ஊசியைக் குத்தி, ஜாக்கெட்டைப் பெட்டியில் வைத்தேன்.

“வெள்ளிக்கிழமைன்னு சொல்லியிருக்கீங்க” என்றேன்.

அவர் தலையாட்டினார். ஒன்பதாவது கேள்வியை அன்று கேட்கவில்லை.

திங்கட்கிழமை ஆய்வுத் தலைவியிடம் சொன்னேன். எங்கள் ஆட்கள் எண்ணால் அளந்துகொள்வதில்லை, ஒரு ஆளை வைத்து அளந்துகொள்கிறார்கள். மாடி வீட்டுக்காரர், நாத்தனார். அந்த ஆள் நகர்ந்தால் இவர்களும் நகர்கிறார்கள். நகராத நான்கு ஆட்களை நாமே எழுதிக் கொடுத்துவிட்டு, யார் மாதிரி, அதைவிடக் கூடவா குறைவா என்று கேட்டால் என்ன? தையல் கடையைப் பற்றியும் சொன்னேன். ஜாக்கெட் யாருடையது என்று சொல்லவில்லை.

அவர் அதைப் பெரிய கண்டுபிடிப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. இதைப்போல ஒரு முறை வேறு ஆய்வுகளில் உண்டு என்றார். ஆனால் நம் படிவத்துக்கு யாரும் அதைக் கேட்கவில்லை, நீ கேட்டிருக்கிறாய், எழுதிக்கொண்டு வா என்றார்.

நான்கு பேரை எழுதினேன். முதலாமவர் வாசலில் செருப்போடு சேர்த்து அலுவலகத்தையும் கழற்றிவிட்டு வீட்டுக்குள் போகிறவர். இரண்டாமவருக்கு எங்கே போனாலும் விருந்துக்கு வந்தவர் மாதிரியே இருக்கும். நான்காமவர் பழையதை மூட்டை கட்டிவிட்டதாகச் சொல்வார், கோபம் வந்தால் மூட்டை அவிழும். மூன்றாமவரை எழுதத்தான் இரண்டு நாள் ஆனது. ‘அவரிடம் வழி கேட்கிறவர்கள் இரண்டு மொழியிலும் கேட்பார்கள். இரண்டிலும் சொல்வார். இங்கே கிடைப்பதும் பொருந்தவில்லை, அங்கிருந்து கொண்டுவந்ததும் பொருந்தவில்லை என்றால், உட்கார்ந்து புலம்பமாட்டார். இரண்டையும் பிரித்துப் பார்த்து, மூன்றாவதாக ஒன்று தைத்துக்கொள்வார்.’

ஆய்வுத் தலைவி அதை இரண்டு தடவை படித்தார். இவரை உனக்குத் தெரியுமா என்றார். தெரியும் என்றேன்.

பத்து நாள் இடைவெளியில் பதினைந்து பேரை இரண்டு தடவை கேட்டேன், தையல்காரரின் இரண்டாம் தடவை மட்டும் மிச்சம். பன்னிரண்டு பேர் இரண்டு தடவையும் அதே ஆளைச் சொன்னார்கள். மருந்துக்கடைக்காரர் இரண்டாமவரைச் சொன்னார். “பதினெட்டு வருசமாச்சு தம்பி. இன்னும் சோபா நுனியிலதான் உக்காந்திருக்கேன்” என்றார். மார்க் பேச்சே வரவில்லை. லாரி ஓட்டுநர் கேட்டு முடிக்கும் முன்பே, “மூணாவது ஆள்” என்றார்.

“ஏன்ணே?”

“மூணுன்னா வம்பு இல்ல.”

இருபத்தெட்டாம் தேதி கடிதம் வந்தது. தமிழ்ப் படிவம் சேர்க்கப்படும், எனக்கு இரண்டு வருடம். கீழே ஆய்வுத் தலைவி கையால் ஒரு வரி எழுதியிருந்தார். ‘உன் படிவம் இன்னும் வரவில்லை.’

இனிச் சாக்குச் சொல்ல வழியில்லை. போவதா இருப்பதா என்று விசா தீர்மானிக்கும் என்று இருந்தேன். அது முடிவை என் பக்கம் தள்ளிவிட்டது.

மறுநாள் மாலை தையல்காரரிடம் போனேன். பதினைந்து பேரில் இரண்டாம் தடவை கேட்க மிச்சமிருந்தவர் அவர் ஒருவர்தான். நான்கு பேரையும் மறுபடி படித்துக் காட்டினேன். மூன்றாமவரைப் படிக்கும்போது மெஷின் மெதுவானது. முதல் தடவையும் அப்படித்தான்.

“அதே மூணாவது ஆள்தான்” என்றார். “ஆனா கம்பியப் பிடிச்சுத் தொங்கற தைரியம் எனக்கு வராது. ரெண்டு விரல் கொறச்சுப் போடுங்க.”

எழுதிக்கொண்டேன்.

“நீங்க யாரு?”

“நான் கேக்கற ஆள்.”

“கேக்கற ஆளுக்கு உடம்பு இல்லியா?”

பையிலிருந்து என் படிவத்தை எடுத்தேன். இத்தனை வாரம் பையில் கிடந்து மூலை மடங்கியிருந்தது. அவர் இஸ்திரி மேசையில் இடம் ஒதுக்கி, சீட்டு எழுதும் பென்சிலை நீட்டினார். நூறு வட்டங்களையும் விட்டுவிட்டு ஓரத்தில் எழுதினேன். மூன்றாமவர்.

“கூட்டியா, கொறச்சா?”

“கொறச்சு.”

“எத்தன விரல்?”

கையைப் பார்த்தேன். “நாலு.”

“நாலு விரலா.” யோசித்தார். “தச்சிடலாம். உள்ள துணி விட்டு வச்சுக்கங்க. பெறகு பிரிச்சு விட்டுக்கலாம்.”

வீட்டுக்குப் போகும் பேருந்தில் இடமில்லை. மேல் கம்பியைப் பிடித்து நின்றேன். அக்காவுக்கு நானே போன் செய்தேன்.

“அதிசயமா இருக்கு, நீ கூப்பிடறது. என்ன முடிவு பண்ணினே?”

“வேலைய நீட்டிச்சிருக்காங்க. மாமாகிட்ட வேற ஆளப் பாக்கச் சொல்லிடுக்கா.”

“அங்க என்னடா இருக்கு?”

“அவளோட ஜாக்கெட் ஒண்ணு இருக்குக்கா. தையல் கடைல.”



“வாங்கிட்டு வாடா அத.”

“முடியாது. அத வச்சுத்தான் எல்லாருக்கும் தைக்கிறாங்க.”

அவளுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. மூக்கை உறிஞ்சினாள். “சாப்பிட்டியா?” என்றாள். இனிமேல்தான் என்றேன். அடுத்த ஞாயிறு முழுக் கதையும் சொல்ல வேண்டும் என்று சொல்லி வைத்தாள்.

இரண்டு ஆள் தள்ளிச் சேலை கட்டிய ஒரு பெண் நின்றிருந்தார். நான் பார்த்திராதவர். வண்டி திரும்பியபோது கையை நீட்டி மேல் கம்பியை எட்டிப் பிடித்தார். கை முழுதாக மேலே போனது. தோள் இழுபடவில்லை. முதுகு ஏறவில்லை. நான் தமிழில் பேசியதைக் கேட்டிருக்க வேண்டும், என் பக்கம் திரும்பினார்.

“ஏங்க, இது பெரிய ஆஸ்பத்திரி வழியாப் போகுமா?”

“போகாது. அடுத்த நிறுத்தத்துல எறங்கிப் பதினாலாம் நம்பர்ல ஏறுங்க.”

“எப்ப வரும்?”

“ஆறு நாப்பதுக்கு” என்றேன். என் மனைவி தினமும் வேலை முடிந்து ஏறி வந்த வண்டி. எனக்கு அது ஒன்றுதான் மனப்பாடம்.